மச்சானின் கஜுக் காது

மச்சானின் வலது காதைச் சுற்றி முடி வெட்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மற்றவர்களின் காதை இரண்டு விரலால் மடக்கிக்கொண்டு கத்தரிக்கோலைக் கொண்டுபோனால் வேலை முடிந்துவிடும். மச்சானின் காது மடங்காது. வறுத்த கஜுவை, அந்த முந்திரிப்பருப்பைப் போலத் திரண்டு சுருண்டு, மேல்விளிம்பு உள்ளே இறங்கி, துளை மட்டும் ஒரு கீறலாகத் தெரியும். தொட்டால் எலும்பைத் தொட்ட மாதிரி இருக்கும். அதன் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கத்தரிக்கோல் நுனி பட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருக்கும். இத்தனை வருடமும் அது பொறாமை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கோணிப்போன ஒரு காதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்றால் கேட்கிறவர்கள் என் தலையில் ஏதும் பிசகா என்றுதான் பார்ப்பார்கள்.

மச்சான் என் உம்மாவின் மூத்த சகோதரருடைய மகன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன். விடை தெரிந்திருந்தாலும் அது பிழையாக இருந்துவிட்டால் என்ற யோசனையிலேயே தெரிந்தது மறந்துபோகும். வாப்பா பார்த்துப் பார்த்துக் கடைசியில் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சலூனில் கொண்டுபோய் விட்டார். இன்று அந்தச் சலூன் என்னுடையது. ஆனால் காலையில் வீட்டிலிருந்து இறங்கினால் பாதி வழியில் நின்று, சலூன் பூட்டின் திறப்பு சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறவன்தான் இன்றைக்கும் நான்.

அந்த நாட்களில் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் ஊர்ப் பொடியன்கள் கடற்கரை மணலில் கபடிக்கு இறங்குவார்கள். மச்சான் கால்பிடிக்காரர். எதிரணியிலிருந்து பாடிக்கொண்டு வருகிறவன் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டியதும் விழுந்து அந்தக் காலைக் கட்டிக்கொள்வார். வந்தவன் உதறுவான், முழங்காலால் இடிப்பான், நடுக்கோட்டை நோக்கி மச்சானையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான். மச்சான் தலையை அவன் தொடையோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பிடி மட்டும் இளகாது. நானும் அதே அணியில் மறுமூலையில் நின்றேன். நானும் பிடிப்பேன். பிடித்த அடுத்த கணமே, இவன் விழுந்தால் என் விரல் முறியுமா, முறிந்தால் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் யோசனை ஓடும். கை தானாக விட்டுவிடும். "இவன் விட்டுட்டு வந்திருவான்" என்பது மச்சான் எனக்கு வைத்த பட்டம். அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொல்வார். ஆனால் ஆட்டம் முடிந்து ஐஸ்பழம் வாங்கித் தின்னும்போது, எல்லோரும் இருக்கும்போதுதான் சொல்வார்.

பெரியநீலாவணையிலிருந்து வந்த அணியில் தோணி இழுத்து இழுத்து உரமேறிய கால்களோடு ஒருவன் இருந்தான். அவனை மச்சான் பிடித்த அன்று காது அவன் முழங்காலுக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பிடி விடவில்லை, ஆட்டம் எங்களுக்கு. மாலையில் காது இரத்தம் கோத்து ஜம்புப்பழம் போல வீங்கிச் சிவந்து நின்றது. மச்சானின் உம்மா உப்பை வறுத்துச் சீலையில் கட்டிச் சுடச்சுட ஒத்தடம் வைத்தார். அது இன்னும் வீங்கியது. ஊசி போட்டு அந்த இரத்தத்தை உடனே எடுத்து, காதை இறுக்கிக் கட்டியிருந்தால் பழையபடி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நாள் கடந்துவிட்டது. நடுவில் மச்சான் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டார். உள்ளே இருந்தது அப்படியே இறுகிப்போனது.

அதற்குப் பிறகு ஊரில் மச்சானின் பெயரை யாரும் சொல்லவில்லை. "கஜுக்காது" என்றார்கள். கேலியாகத் தொடங்கியது கொஞ்ச நாளிலேயே மரியாதையாக மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தேநீர்க் கடையில் அவருக்கு இடம் விட்டார்கள். வெளியூர் அணிகள் வந்தால் முதலில் அந்தக் காதைத்தான் தேடினார்கள். என் சலூனுக்கு வருகிறவர்கள்கூட என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு மச்சானின் கதையைக் கேட்டார்கள். எனக்கு இரண்டு காதும் ஒழுங்காக இருந்தன. ஒழுங்கான காதைப் பற்றி யார் என்ன கேட்பார்கள்? ஒருநாள் கடற்கரையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கவிழ்த்து வைத்திருந்த தோணியின் பலகையில் என் காதை வைத்துத் தேய்த்தேன். எரிச்சல் தொடங்கியதும் விட்டுவிட்டேன். வீட்டில் உம்மா பார்த்துவிட்டு எறும்பு கடித்திருக்கிறது என்று தேங்காயெண்ணெய் பூசினார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வீடும் பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே போய் வாழ வேண்டும். அப்படி ஒரு குடும்பம் மச்சானைக் கேட்டு வந்தது. பெண் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு, நல்ல குடும்பம், கிணற்றோடு புது வீடு. வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், சிரித்துக் கதைத்தார்கள், போனார்கள். பிறகு பேச்சில்லை. ஏன் என்று மச்சானிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தோளைக் குலுக்கினார். மச்சான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர், அப்படிப்பட்ட காது உள்ளவர். கொஞ்ச நாளில் அதே குடும்பம் என்னைக் கேட்டு வந்தது. அதற்கு முந்தின கிழமை முகம் தெரியாத ஒருவர் சலூனுக்கு வந்து சவரம் செய்துகொண்டதும், சவர நுரையோடு கண்ணாடியில் என் காதுகளையே மாறி மாறிப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. என் காதை ஒருவர் உற்றுப் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று துவாயால் துடைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்றுதான் தெரிந்தது, அவர் மணப்பெண்ணின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர்.

நல்ல மனைவி, நல்ல வீடு, பிள்ளைகள். ஆனால் அந்த வீட்டில் நான் நிம்மதியாகத் தண்ணீர் அள்ளிய நாள் குறைவு. கிணற்றடியில் நின்றால் இது மச்சான் குளித்திருக்க வேண்டிய கிணறு என்று தோன்றும். கேற்றைப் பூட்டும்போது மச்சான் பூட்டியிருக்க வேண்டிய கேற் என்று தோன்றும். அவர் பிறகு நிந்தவூரில் கல்யாணம் முடித்து நன்றாக இருக்கிறார். அவர் வேண்டாம் என்று வைத்ததில்தான் என் வாழ்க்கை நடக்கிறது என்ற எண்ணம் காலில் ஏறிய முள் மாதிரி, நடக்கும்போதெல்லாம் உறுத்தியது.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இப்போது அவருக்கு மூக்குக் கண்ணாடி போடும் வயது. அந்தக் காதில் கண்ணாடிக் கால் நிற்காது. கொரோனா நேரம் முகக்கவசமும் அப்படித்தான் கழன்று விழுந்துகொண்டிருந்தது. ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து நாங்கள் குனிந்து சாப்பிடும்போது, கண்ணாடி வழுகி இறைச்சிக் கறிக்குள் விழுந்தது. மச்சான் அதை எடுத்து நக்கிப் பார்த்து, "உப்பு அளவாத்தான் இருக்கு மச்சி" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். திரைச்சீலைக்குப் பின்னால் என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பாக இருந்தது. நான் சஹனிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

மச்சான் போனபின் என் மனைவி சஹனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். போய்விடலாமா என்று யோசித்து, போகாமல் கேட்டுவிட்டேன்.

"அவர முடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் எண்டு எப்பயாவது நெனச்சிருக்கியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு காலமா இதயா வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டுத் திரிஞ்ச நீங்க?"

"அவர் வேணாம் எண்ட பொறகுதானே நான்."

"ஆரு வேணாம் எண்ட? எங்கட உம்மாதான் வேணாம் எண்ட." குழாயை மூடினாள். "அந்தக் காதப் பாத்துட்டு வந்து, புள்ளக்கிப் பெரிய வருத்தம் கெடக்கு எண்டு உம்மா ஒரே அழுக."

பெரிய வருத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் குஷ்டம். மாமியார் சின்ன வயதில் காது தடித்துப்போன ஒரு நோயாளியைப் பார்த்திருக்கிறார். அந்தப் பயம் மனதில் இருந்திருக்கிறது. என்னைக் கேட்க நினைத்தபோதும், ஒரே குடும்பமாச்சே, இவனுக்கும் இருக்குமோ என்றுதான் மகனைச் சவரத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு மனிதரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வெளியே போகக் கூடாது என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிட்டார்கள். மாமியார் மௌத்தாகும்வரை அந்த நினைப்போடுதான் இருந்தார்.

"ஒனக்குமா தெரியாது, அது ஆட்டத்துல நசிஞ்ச காது எண்டு?"

"ஏன் தெரியா? பள்ளிக்கொட மதிலால எட்டிப் பாத்தா நீங்க ஆடுறது முழுக்கத் தெரியுமே."

"மறுகா ஏன் உம்மாட்ட சொல்லல்ல?"

"சொன்னா அவருக்குத்தானே முடிச்சுத் தந்திருப்பாங்க." சஹனைச் சாய்த்து வைத்தாள். "நீங்க புடிச்சிட்டு விட்டுட்டு ஓடி வாறதயும் பாத்தன். எண்ட வாப்பா கடலுக்குப் போனா வலய விடமாட்டன் எண்டு நிக்கிற ஆள். உம்மா வாசல்லயே நிப்பா. விட்டுட்டு வாற ஆள் எண்டா ஊட்டுக்கு வந்து சேருவாரு எண்டு நெனச்சன்."

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், மஃரிப் தொழுகை வரைக்கும். பிறகு யோசனை வந்துவிட்டது. மச்சானுக்கு இது தெரியவந்தால் என்ன ஆகும்? வந்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று அவர் அன்றைக்குத் தோளைக் குலுக்கினாரே, உள்ளே என்ன நினைத்திருப்பார்? இன்னொன்றும் வந்தது. என் கல்யாணத்துக்குக்கூட அந்தக் காதுதான் காரணம். என்னுடையது என்று நான் நினைக்கக்கூடிய ஒரே கதைக்குள்ளும் அது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் மச்சான் முடி வெட்ட வந்தார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். வாங்குப் பலகையில் காத்திருந்த இளைஞர்களில் ஒருவன் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "காக்கா, இது எப்பிடி வந்த?" என்று கேட்டான். மச்சான் தொடங்கினார். பெரியநீலாவணைக்காரனின் தொடை இந்தத் தடவை இன்னும் பருத்திருந்தது. அவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கஜுவின் விளிம்பில் கத்தரிக்கோலை நகர்த்தினேன். கடைசியில் அந்த இளைஞன் என்னைக் காட்டி, "இவரும் ஆடினவரா? இவர்ர காது நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"இவனா? இவன் விட்டுட்டு வந்திருவான்" என்றார் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். கண்ணாடியில் மச்சானின் காதும் என் காதும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

"ஓம் மச்சான்," என்றேன். "விட்டுட்டுத்தான் வந்தன்."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி போடாத கண். எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. நான் அவர் கழுத்து முடியைத் தட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். வலது பக்கம் வழக்கம்போல வழுகியது. விழாமல் அந்தக் காதோடு சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டேன். தொட்டதும் பழைய பொறாமை வந்தது, கொஞ்சமும் குறையாமல். அவர் எழுந்து தன் கையால் பிடித்துக்கொள்ளும்வரை நான் விடவில்லை.