மல்லிகா வீடு எந்த ஊர்ல இருக்கு?

செல்போன்ல தொடர்கதை எழுதற என் இனமே, இந்தத் தொழில்ல ஒரே ஆபத்து, கதையைப் படிக்கறவங்களோட அதே கம்பெனி பஸ்ல தினமும் போகணும்! ஓசூர்ல ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். இதையும் டீ பிரேக்லதான் டைப் பண்றேன், பெல் அடிச்சா பாதில நிக்கும்.

என் கதாநாயகி மல்லிகா. அண்ணன்காரங்க விக்கப் பாக்கற வீட்டை விட மாட்டேன்னு ஒத்தையா நிக்கறா. வீட்டைப் பத்தி நான் எழுதினது ரெண்டே விஷயம்: பழைய வீடு, பின்னாடி கிணறு. அவ்ளோதான். மிச்சத்தை பஸ்ஸே கட்டிக்கிச்சு.

கிணத்தடி அழுகை

விடியறதுக்கு முன்னாடி மல்லிகா கிணத்தடிக்குப் போய் தனியா அழற அத்தியாயம். எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, அவ்ளோ சூப்பர்! மறுநாள் உத்தனப்பள்ளி ஸ்டாப்புல அசெம்ப்ளி லைன் முனியம்மா அக்கா ஏறினாங்க. நேரா என் சீட்டுக்கு வந்தாங்க. பாராட்டப் போறாங்கன்னு பையை மடில எடுத்து வெச்சு இடம் விட்டேன்.

"ஏம்மா, சானமாவுக் காட்டுல இருந்து யானை எறங்கி வந்துக்குதுன்னு நேத்தே வாட்ஸப்ல வந்துச்சே, அந்த நேரத்துல வயசுப் புள்ளைய தனியா கிணத்துக்கு அனுப்பி வெச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்குதா?"

காப்பி

அடுத்த அத்தியாயத்துல மல்லிகா அதே கிணத்துல தண்ணி சேந்தி காப்பி போட்டா. மெஷின் ஷாப் செல்வம் அண்ணனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். கேன்டீன் க்யூவுல என்னைப் பிடிச்சு, கடலோர வீட்டுக் கிணறு உப்பு, அதுல காப்பி போட்டா வாயில வைக்க முடியாதுன்னாரு. கடல்னு நான் ஒரு வார்த்தைகூட எழுதலண்ணான்னு கெஞ்சினேன்.

"எழுதுறது நீதான் தங்கச்சி, ஆனா அந்தக் கிணத்துல குளிச்சவன் நானுல்லா!"

மாடி

எங்க சூப்பர்வைசர் மஞ்சுநாத்துக்குத் தமிழ் படிக்க வராது. முனியம்மா அக்கா அவருக்குக் கன்னடத்துல கதை சொல்லுவாங்க. அண்ணன் மல்லிகாவோட பெட்டியைத் தெருவுல தூக்கி வீசின எடத்துல மனுஷன் கொதிச்சுட்டாரு. எனக்கு ஒரே பெருமை, அவர் நேரா என்கிட்ட வந்து கேக்கற வரைக்கும்.

"ஏன் மேடம், கீழ இவ்ளோ கலாட்டா நடக்குது, மாடில வாடகைக்கு இருக்கற நாலு ஃபேமிலில ஒருத்தர்கூட எறங்கி வரல்லவா?"

அட்டை

இப்பதான் நிஜமான சிக்கல். கதை புக்கா வருது. என் முதல் புக்கு! சாயந்தரத்துக்குள்ள அட்டையை ஓகே பண்ணலன்னா இந்த வாட்டி புக்கு கிடையாதுன்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க. ஓவியர் தூண் வெச்ச ஓட்டு வீடு ஒண்ணு வரைஞ்சு அனுப்பினாரு. அழகுன்னா அழகு. பஸ் க்ரூப்ல போட்டேன். ஒரே நிமிஷத்துல கலவரம். "இது யார் வீடு?", "மல்லிகாவை எங்க கொண்டுபோய் வெச்சிருக்க?" இந்த அட்டையோட வந்தா வாங்கவே மாட்டோம்னு முடிவே எடுத்துட்டாங்க.

சரி, எழுதின எனக்குத் தெரியாதான்னு கண்ணை மூடிப் பாத்தேன். தெரிஞ்சது நான் தங்கியிருக்கற லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடியும் சின்டெக்ஸ் டேங்கும்தான். கிணறே காணோம்! ஓவியருக்கு போன் போட்டு, "சார், வீட்டை எடுத்துடுங்க, அவ மட்டும் நிக்கட்டும்"னேன். எடுத்துட்டாரு. வெள்ளைத் தாள்ல முதுகைக் காட்டிட்டு ஒரு பொண்ணு, வேற ஒண்ணுமே இல்ல. அதையும் க்ரூப்ல போட்டேன். முதல்ல முனியம்மா அக்காவோட வாய்ஸ் மெசேஜ்தான் வந்துச்சு.

"ஆங், இதான் ஊடு! ஆனா ஏம்மா, கதவைப் பப்பரப்பான்னு தொறந்து போட்டுட்டு இவ எங்க கிளம்பிட்டா?"

உடனே ஓகே அனுப்பிட்டேன், பெல்லும் அடிச்சுடுச்சு: ஆக நம்ம கதையில வீடு கட்டிக் குடியிருக்கறது படிக்கறவங்க, எழுதறவங்களுக்குக் கேட்ல நின்னு சல்யூட் அடிக்கற செக்யூரிட்டி வேலைதான்.