ராகுகாலத்தில் விழுந்த பூதம்

எங்கள் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து, பாதாளத்தில் இறங்கிப் பூதத்தைக் கொன்றுவிட்டு வந்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். "அம்மா, அது வெறும் கேம்" என்கிறாள். எனக்குத் தெரியாதா? கேம்தான். ஆனால் அவள் என் வயிற்றில் இருந்தபோது, கை நிறையக் கண்ணாடி வளையலும் பட்டுப் புடவையுமாக உட்கார்ந்து அடித்த அடி அது. பெருமையாகத்தான் சொல்வேன். கேட்க விருப்பமில்லாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகிச் சிங்காநல்லூர் வந்திருந்தேன். மேலே வீடு, கீழே என் வீட்டுக்காரரின் பட்டறை. கிணற்று மோட்டார், மில் மோட்டார் எது எரிந்துபோனாலும் அவரிடம் வரும். பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுப்பார். பில் போடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பட்டறைத் தூசிக்கு ஆகாது என்று மாடி அறையில் வைத்தோம். பீளமேட்டுக் கல்லூரியில் கணக்குப் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்த எனக்கு பில் அடிக்கும் வேலை கிடைத்தது. காலையில் உட்கார்ந்தால் இட்லி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் கம்ப்யூட்டரும் நானும்தான். அதைக் கொண்டுவந்து இணைத்துக் கொடுத்தவர், "ஒரு கேமும் போட்டு உட்டிருக்கறனுங்க, பொழுது போகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பாழடைந்த ஓர் ஊர். அதற்கு அடியில் தளம் தளமாகப் பாதாளம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பூதம். கத்திக்காரன், மந்திரவாதி, வில்லுக்காரி மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. வில்லுக்காரிதான்.

நல்லதை நல்லது என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் மழை பெய்தால் நம் ஜன்னலுக்கு வெளியே பெய்வதுபோல் இருக்கும். கொடியில் துணி கிடக்கிறதே என்று ஒருநாள் எழுந்தே ஓடிவிட்டேன். புதிதாக ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் பாதாளத்தின் வழிகள் மாறிப்போகும். நேற்று இருந்த சந்து இன்றைக்கு இருக்காது. எல்லாவற்றையும்விட ஒன்று. வில்லுக்காரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி மேலே வரும்போது அவளுக்குக் கூடுதல் பலம் கொடுப்பார்கள். அதைக் கைக்கு வைக்கவா, குறிக்கு வைக்கவா, உயிருக்கு வைக்கவா என்று என்னைக் கேட்பார்கள். என்ன படிப்பது, எப்போது கல்யாணம், எந்த ஊரில் வாழ்வது என்று அதுவரை எதையும் யாரும் என்னைக் கேட்டு வைத்ததில்லை. மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம், அது வேறு. அங்கே ஒருவர் கேட்டார். நான் சொன்னேன். சொன்னபடி நடந்தது.

எரிச்சலும் கொஞ்சநஞ்சமல்ல. வில்லுக்காரியின் பை உள்ளங்கை அகலம்தான். ஒரு கேடயம் கிடைத்தால் எதையாவது தூக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை படியும் ஏறி ஊருக்குப் போய் விற்றுவிட்டு வர வேண்டும். ஊரில் இருக்கிற வைத்தியர் இருக்கிறாரே, அவருக்காக எத்தனை பிசாசை அடித்துக் கொடுத்தாலும் முதல் நாள் சொன்னதையேதான் திரும்பச் சொல்வார். நன்றிகெட்ட மனுஷன்! ஒவ்வொரு தள வாசலிலும் ஒரு விளக்குத் தூண் நிற்கும். அதைத் தொட்டால் அதுவரை ஆடியது பத்திரமாக இருக்கும். செத்தாலும் அங்கிருந்து எழுந்துகொள்ளலாம். ஆனால் கடைசித் தளத்தில் தூணே கிடையாது. இறங்கினால் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். இந்த யோசனை எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஏனென்றால் எனக்குக் கீழே இருந்தது மோட்டார் பட்டறை.

ஒருநாள் மதியம் பூதத்தின் உயிர் நூலளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ரெண்டு அம்பு போதும். அந்த நேரம் பார்த்து அவர் கீழே ஒரு பெரிய மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். லைட் மங்கியது, ஃபேன் முனகியது, திரை பொக்கென்று கறுத்தது. கம்ப்யூட்டர் அணைந்து, பிறகு ஒன்றும் அறியாத பிள்ளைபோல் முதலிலிருந்து எழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று படியிறங்கினேன்.

"ஏனுங் மாமா, செத்த நேரம் கழிச்சு ஓட்டியிருந்தா மோட்டாரு கோவிச்சுக்குமா?"

"என்னாச்சு அம்மணி?"

"பூதம் பொழச்சுப்போச்சுங்க!"

மோட்டாருக்குச் சொந்தக்காரரான விவசாயி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னையும் பார்த்தார், தன் மோட்டாரையும் பார்த்தார். "என்ற மோட்டாருல அப்படி ஒண்ணும் இல்லீங்களே" என்றார் பயந்துபோய். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்புக்கு அவரோடு ரெண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு ஓட்டுவதற்கு முன்பு குரல் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். வேலை மும்முரத்தில் மறந்துபோவார். காதைக் கீழே வைத்துக்கொண்டு ஆடினால் குறி எப்படி விழும்? நான் செத்துக்கொண்டே இருந்தேன்.

செத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வழியெல்லாம் சிவப்பு மருந்து பாட்டில் கிடைக்கும். குடித்தால் இறங்கின உயிர் ஏறிவிடும். நான் ஒன்றைக்கூடக் குடிக்க மாட்டேன். ஆபத்துக்கு ஆகும் என்று பை முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். ஓடியும் ஒளிந்துமே ஒப்பேற்றப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் பை நிறைய மருந்தோடுதான் செத்தேன்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். பல்லடத்தில் என் அம்மா வீட்டுப் பரணில் அவளுடைய கல்யாணச் சீர்ப் பாத்திரம் அப்படியே இருந்தது. எவர்சில்வர் டம்ளர்களில் கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை. "ஒரு நோம்பி நொடிக்கு ஆகும், இருக்கட்டும்" என்பாள். எத்தனையோ நோம்பி, பண்டிகை வந்து போனது. அவள் நசுங்கிப்போன டம்ளரில்தான் காப்பி குடித்தாள். கோழிப்பண்ணையைத் தனியாளாக நடத்துகிறவள், தனக்கென்று ஒன்றை எடுத்துப் புழங்கி நான் பார்த்ததில்லை. என் படிப்பையும் அவள் அந்தப் பரணில்தான் வைத்திருந்தாள் போல. "படிச்சது எங்க போகப்போகுது, இருக்கட்டும்" என்றுதான் சொன்னாள். கெட்டிக்காரி என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பிறந்த வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்து, உறவெல்லாம் கூடி உண்டு, அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற நாள். எனக்குப் பகீரென்றது. நான் போனதும் பில் போட வேறு ஆள் வருவான், கம்ப்யூட்டர் கீழே போய்விடும், கேமை அழித்துவிடுவார்கள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தபின் எவள் பாதாளத்தில் இறங்குவாள்? அதற்குள் முடித்தால்தான் உண்டு. விசேஷ வேலை தலைக்கு மேல் கிடந்தது. நாள் ஓடிப்போனது. பூதம் கல்லுக்குண்டாக இருந்தது.

அன்று வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று பேச்சு. பல்லடத்திலிருந்து வந்த வேன் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் தயிர்ச்சோறுமாக அவர்கள் வந்து இறங்கியதே உச்சிப்பொழுதில்தான். பட்டறையை ஒதுக்கி அங்கேயே வளையல் அடுக்கி, பந்தி முடிந்து, கை கழுவும்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

"ராகுகாலத்துல புள்ளைய எப்படிங் சம்பந்தி அனுப்பறது?" என்றார் அத்தை. "மூணு மணிக்கு மேல கெளம்பலாமுங்க."

"அதுவும் சரித்தானுங்க" என்றாள் அம்மா.

"அம்மணி, நீ மேல போயிச் செத்த சாஞ்சு எந்திரி" என்று அத்தை என்னை அனுப்பிவிட்டார்.

பாதிப் படியில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. விசேஷத்துக்காகப் பட்டறைக்கு லீவு! ஒரு மோட்டாரும் ஓடாது! ஊரே ராகுகாலத்தைத் திட்டும். நான் அன்றைக்கு அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சாயவாவது, படுக்கவாவது!

கடைசித் தளத்தில் பாதி தூரம் போயிருப்பேன். பால் டம்ளரோடு அம்மா உள்ளே வந்தாள்.

"அட கெரகமே! பட்டும் வளையலுமா உக்காந்துக்கிட்டு என்ன புள்ள பண்ற?"

"செத்த இருங்கம்மா, பூதத்தைக் கொல்லோணும்."

"வயித்துப்புள்ளக்காரி ஒரு பல்லியக்கூட அடிக்கக்கூடாது. கொல்றாளாமே கொல்ற! அமத்திப்போட்டு எந்திரி மொதல்ல."

"பண்ணையில தெனம் கோழி அடிக்கறப்போ உங்க வயித்துல நான் இருக்கலீங்களா?"

அம்மா பால் டம்ளரை மேசையில் வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திரையில் கதவு திறந்தது, பூதம் வந்தது. ஆள் உயரத்துக்குக் கொம்பு, கையில் நெருப்பு. வளையல் கலகலவென்று மவுஸில் இடிக்க இடிக்க அம்பு விட்டேன். அது ஒரு வீச்சு வீசியது.

"அந்தச் செவப்பு உருண்டை கொறைஞ்சுட்டே வருதே, என்னது அது?" என்றாள் அம்மா.

"அது என்ற உசுருங்க."

"அய்யய்யோ! கீழ வரிசையா பாட்டல் நிக்குதே, அது?"

"மருந்து. குடிச்சா உசுரு ஏறும்."

"அப்பறம் ஏன் குடிக்காம வெச்சிருக்கற?"

"ஆபத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்கறனுங்க."

பூதம் மறுபடி வீசியது. உருண்டையில் அடிவண்டல் மாதிரி கொஞ்சம்தான் மிச்சம். அம்மா கட்டிலைவிட்டு எழுந்தேவிட்டாள்.

"இதுக்கு மேல என்ன ஆபத்து வரோணும்? மிச்சம் வெச்சு எங்க கொண்டு போகப் போற? குடிச்சுப்போடு கண்ணு! அத்தனையும் குடி!"

பரணில் டம்ளரைப் பூட்டி வைத்தவள் சொல்கிறாள்! ஒன்றைக் குடித்தேன். இன்னொன்றைக் குடித்தேன். ஓடவில்லை, ஒளியவில்லை, பூதத்தின் எதிரே நின்று அடித்தேன். சத்தம் கேட்டு அத்தை மேலே வந்தார். பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே திரும்பி மாடிப்படிக்கு ஓடினார்.

"கீழ யாரும் மிக்ஸி கிரைண்டர் எதையும் போட்டுப்போடாதீங்க!" என்று கத்தினார். அந்த ஒரு கத்தலுக்காக நான் அவருடைய பழைய கணக்கையெல்லாம் தள்ளுபடி செய்துவிட்டேன்.

"அடி கண்ணு! உடாத! அடி!" பல்லியை அடிக்கக்கூடாது என்றவள் என் நாற்காலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கடைசி பாட்டிலையும் குடித்தேன். பூதம் மண்டியிட்டது, அலறியது, சரிந்தது. தங்கக் காசு நாலாபுறமும் சிதறியது.

"பொறுக்கு, பொறுக்கு!" என்றாள் அம்மா.

அதற்குள் திரை இருண்டுவிட்டது. அந்தக் காசைப் பொறுக்க முடியாது. நாலு வரி இங்கிலீஷ் எழுத்து வந்தது, கேம் முடிந்தது.

"அவ்வளவுதானா? இத்தனை பாடுபட்ட புள்ளைக்கு ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடுக்க மாட்டாங்களா?" அம்மாவுக்கு ஆறவே இல்லை. எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஜெயித்துவிட்டேன். மூணு மணிக்கு நல்ல நேரத்தில் வேன் ஏறினேன்.

பல்லடம் போகும்வரை அம்மா வாய் மூடவில்லை. வேனில் இருந்த சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் கதை சொன்னாள். "நீங்க கீழ வெத்தலை போட்டுட்டு இருந்தீங்க. என்ற புள்ள மேல பூதத்தைக் கொன்னுபோட்டா. நெம்பக் கெட்டிக்காரிங்க அவ." பின்சீட்டில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்வாளா என்று காத்திருந்தேன். சொன்னாள். சூலூர் வருவதற்குள் ரெண்டு தடவை சொன்னாள்.

வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரசவ அறைக் கதவை அம்மாவின் முகத்துக்கு நேராக நர்ஸ் சாத்தப் போனார். அம்மா சந்தில் தலையை நீட்டினாள். "கண்ணு, மிச்சம் வெக்காத! உள்ளதையெல்லாம் போட்டு அடி!" என்றாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காமல் முக்கும்மா என்று நர்ஸ் அதட்டினார். மிச்சம் வைக்காமல்தான் முக்கினேன். கேம் என்று என்னைக் கேலி செய்கிறவள் அப்படித்தான் பிறந்தாள்.

பிள்ளையோடு பல்லடத்து வீட்டுக்கு வந்த அன்று, கட்டிலில் சாய்ந்திருந்த எனக்கு அம்மா பால் கொண்டுவந்தாள். டம்ளர் பளபளத்தது. அடியில் கடைச் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன பாக்கற? ஆறறதுக்குள்ள குடி" என்றாள். அவள் கையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காப்பியை அந்தப் புது டம்ளரிலேயே ஊதி ஊதிக் குடித்தாள்.