மீசை வைத்த கதாநாயகி

தொண்ணூற்றைந்தாம் வருடம், ஒரு மாசி மாதத்துப் பிற்பகல். மேலப்பாளையத்தை ஒட்டி இருந்த எங்கள் வளவின் முற்றத்தில் அன்று இருந்தவர்கள் என் அக்கா, அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் அடுத்த வீட்டு மைனி, எதிர்வீட்டுச் சாச்சி, கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்த சாத்தான்குளத்துச் சித்தி, அப்புறம் நான். இல்லாதவர்கள், சடங்கு வீட்டுக்காக அம்பாசமுத்திரம் போயிருந்த அம்மா, பேட்டை அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போயிருந்த அப்பா, அப்புறம் அன்று நான் வாசித்த கதையை என்னிடம் கொடுத்த நண்பன். அம்மா இருந்திருந்தால் அந்தக் கதையை நான் வெளியிலேயே எடுத்திருக்க மாட்டேன்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரெதிராக ஆறு வீடுகள். மைனியும் சித்தியும் சொந்தக்காரர்கள் இல்லை. சாச்சி எங்கள் மதமும் இல்லை. ஆனால் அப்படித்தான் கூப்பிடுவோம். நாலு பேருக்கும் பீடி சுற்றுவதுதான் வேலை. மடியில் முறம் போன்ற சொளவு, அதில் வெட்டிய இலை, தூள், நூல்; பக்கத்தில் சுற்றிய கட்டுக்களைப் போட ஒரு தட்டு. சாயங்காலம் பீடிக்கடை அடைப்பதற்குள் கட்டுக்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அக்கா பள்ளிக்கூடத்துக்குள் போனதே இல்லை. அவள் சுற்றிய பீடியில்தான் நான் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் பஸ் ஏறினேன். அதனால் விடுமுறை நாளில் நான் நடுவில் உட்கார்ந்து கதை வாசிப்பேன், அவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிக்கிற நேரத்தில் அக்காவுக்கு நூல் கட்டிக் கொடுக்க என்னால் முடியாது அல்லவா? அதற்கு ஈடாக மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு கட்டு அக்காவின் தட்டில் போட்டுவிடுவார்கள். யாரும் சொல்லி ஏற்பட்ட ஏற்பாடு இல்லை, தானாக வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதையில் யார் செத்தாலும் சரி, அவர்கள் கண்ணைத் துடைப்பது தோளால்தான். கை நிற்காது.

வாசித்ததெல்லாம் வாடகை நூலகத்து மாத நாவல்கள். அவற்றில் காதலன் கார் ஓட்டிக்கொண்டு வருவான், காதலி மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். எங்கள் வளவில் மாடியும் கிடையாது, எட்டிப் பார்க்க ஆளும் கிடையாது. ஆனாலும் ரசித்துத்தான் கேட்பார்கள்.

இப்போது நண்பனைப் பற்றி. கல்லூரியில் என் பெஞ்சுக்காரன். பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பையன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பெண்களைப் பார்த்தால் எல்லோருக்கும் வரும் என்று சொல்கிறார்களே, அது எனக்கு அவனைப் பார்த்தபோதுதான் வந்தது. அவனுக்கும் அப்படியே. எங்கள் இரண்டு பேருக்கும் அதைச் சொல்ல ஒரு சொல் கிடையாது. கல்லூரியில் இருந்த சொற்கள் எல்லாம் கேலிச் சொற்கள். அவன் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவனை என் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. சட்டை வரைக்கும் ஏறிய புகையிலை வாசம் ஒரு காரணம். அக்கா இன்னொரு காரணம். எனக்குக் காய்ச்சல் வருவதை எனக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள் அவள். அவனோடு என்னைச் சேர்த்து ஒரு தடவை பார்த்தால் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் ஒரு தடவை உன் வீட்டுக்கு வருகிறேன் என்றான். நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். அவன் ஒரு கதையின் நகலை மட்டும் கையில் கொடுத்தான். எங்கிருந்தோ அவனுக்குக் கிடைத்த, தமிழில் பெயர்த்த வெளிநாட்டுக் கதை. பனி பெய்கிற ஒரு நகரம். அதில் இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். கணவன் மனைவி போலத்தான். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இப்படியும் எழுதுவார்களா என்று இருந்தது. அதே சமயம் அதில் பாதி நான்தான் இருந்தேன். மீதிப் பாதி எங்கே என்று புரியவில்லை.

அவனை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்னால் அந்தக் கதையை முற்றத்தில் வாசித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. அதற்கு என்ன மரியாதை கிடைக்கிறதோ அதுதானே நாளை எனக்கும்? ஆனால் அதற்கும் முழுத் தைரியம் இல்லை. ஆகவே வாசிக்கும்போதே இரண்டு ஆண்களில் ஒருவனைப் பெண்ணாக மாற்றிவிட்டேன். லிசா என்று பேரும் வைத்தேன். கல்லூரி நண்பன் ஒருவன் கொடுத்த கதை என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

முதல் சில பக்கங்கள் நன்றாகத்தான் போயின. லிசா வேலை முடிந்து வருகிறாள், அவன் கதவைத் திறக்கிறான், சூடாக ஏதோ குடிக்கிறார்கள். லிசா பனியில் சறுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்கிறாள். சாச்சி உச்சுக் கொட்டினாள். அப்போதுதான் அடுத்த பக்கத்தில் என்ன வருகிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வாய் அதற்குள் வாசித்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் அவன் லிசாவை உட்கார வைத்து, கன்னத்தில் சோப்பு நுரை போட்டு, மீசையை விட்டுவிட்டு, மெல்ல முகம் வழித்துவிடுகிறான்.

மைனி சொளவிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஏ கொழுந்தா" என்றாள் மைனி. "என்ன இந்த லிசாவுக்கு மீசை இருக்கு?"

சாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அல்லாவே! குளிரு நாட்டுல பொம்பளையளுக்கு மீசை மொளைக்குமோ என்னமோ!"

"எங்க மாமியாளுக்கும்தான் மொளைச்சிருக்கு. எந்த மவராசன் நொரை போட்டு வழிச்சுவிட்டான்?" என்றாள் மைனி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. தாள் கையில் படபடவென்று ஆடியது. அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தையே தாண்டியிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மடியிலிருந்த சொளவை எடுத்துக் கீழே வைத்தாள்.

"புஸ்தகத்துல ரெண்டு பேரும் ஆம்பளையளாலே?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப ரெண்டு பேரும் ஆம்பளையாவே இருக்கட்டும். நீயா எதுக்குச் சேல கட்டிவிடுத? உள்ளத வாசி."

மைனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதான, மொதல்ல இருந்து வாசி. அந்த லிசா எனக்கு முன்னாலயே பிடிக்கல" என்றாள்.

முதலிலிருந்து வாசித்தேன். எழுதியிருந்தபடியே. முகம் வழிக்கிற இடம் மறுபடி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நாலு பேர் கையும் நின்றுபோயிருந்தது. சித்தியின் விரலில் பாதி சுற்றிய பீடி அப்படியே இருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

கதை முடிந்ததும் முதலில் பேசியது மைனிதான். அவளுக்குக் கோபம்.

"நல்ல கததான். ஆனா அவனுவளுக்குத் தனி வீடு, கதவு, தாப்பா, நாயி வேற. நம்ம வளவுல இப்பிடி ரெண்டு பயலுவ இருந்தான்னு வையி, எங்கன உக்காந்து பேசுவானுவ? ஒரு ரூம்புல ஏழு பேரு படுத்துக் கெடக்கோம்."

"ஆத்தங்கரைக்குப் போவ வேண்டியதுதான்" என்றாள் சாச்சி.

"ஆத்துல எந்நேரமும் ஆளு குளிக்குதே."

"அவனுவளுக்கு அம்மையே கெடையாதா?" என்று கேட்டாள் அக்கா. "அக்கா, தங்கச்சி, ஒருத்திகூட வரலயே அந்தக் கதையில. கையி ஒடிஞ்சதுக்குக்கூட ஒருத்தியும் எட்டிப் பாக்கல."

பஸ்ஸில் நான் தேடிய மீதிப் பாதி அதுதான். எழுத்தே தெரியாத அக்கா ஒரு தடவை கேட்டதும் கண்டுபிடித்துவிட்டாள் என்று அப்போது பெருமையாக நினைத்தேன். இப்போது யோசித்தால், அவளுக்கு அவள்தான் அந்தக் கதையில் இல்லை. அதைத்தான் சொன்னாள்.

பிறகு அவரவர் கதை வந்தது. துபாயில் சாச்சியின் வீட்டுக்காரர் இருந்த அறையில் ஒருவருக்கு விசா முடிந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம், கூட இருந்த இன்னொருவர் நாள்கணக்கில் சோறு தின்னவில்லையாம். "இவுக சிரிச்சிக்கிட்டே சொன்னாக. நா சிரிக்கல வாப்பா. அந்த மனுசன் யாருகிட்டப் போயி அழுவாரு?" என்றாள் சாச்சி.

சித்தி அதிகம் பேசுகிறவள் இல்லை. தன் ஊரில், தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பனங்காட்டில் பதநீர் காய்ச்சும் குடிசை ஒன்றில், கட்டிக்கொடுக்காத இரண்டு பெண்கள் கடைசி வரைக்கும் சேர்ந்தே இருந்ததைச் சொன்னாள். ஊர் என்னவோ பேசியதாம். ஒருத்தி இறந்தபோது, மற்றவளைச் சொந்தக்காரர்கள் உள்ளே விடாமல் சாவு வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

"அதையும் யாராவது எழுதணும்லா" என்றாள். "பனி பெய்யுத ஊருக்குத்தான் கத உண்டா? எங்க தேரிக்காட்டுக்குக் கெடையாதா?"

கடைக்கு நேரமாகிவிட்டது என்று சாச்சிதான் முதலில் எழுந்தாள். அவசரமாகக் கட்டுக்களை எண்ணி எடுத்தார்கள். அன்று யார் தட்டும் நிறையவில்லை. ஆனாலும் மூன்று பேரும் வழக்கம்போல ஆளுக்கு ஒரு கட்டை எடுத்து அக்காவின் தட்டில் போட்டார்கள். அக்கா வேண்டாம் என்றாள்.

"ஏட்டி, அவன் இன்னைக்குத்தான் நெசமா வாசிச்சான்" என்றாள் மைனி.

அக்காவின் தட்டை நான் தூக்கிக்கொண்டேன். கடைக்குப் போகும் வழியில், சந்து திரும்பும் இடத்தில், முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கதையக் குடுத்த பையன் மீன் திம்பானா?"

"திம்பான்க்கா."

"ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு. அம்மைகிட்ட நாஞ் சொல்லிக்கிடுதேன்."

அவன் வந்தான். சர்ச்சு முடிந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, சர்ச்சுக்கு வந்தவன் மாதிரியே எங்கள் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அம்மா அவனுக்கு நடுத்துண்டு மீனாகப் பார்த்து வைத்தாள். அவளிடம் அக்கா என்ன சொன்னாள், எவ்வளவு சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்து அவன் ஒரு பீடி சுற்றிப் பார்த்தான். "இது பீடியா, கோயிலு நாயனமா?" என்று மைனி அதை வளவு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். புகையிலை வாசத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது தன் சட்டையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான்.

இப்போது அவன் கோயம்புத்தூரில், நான் இங்கே. கடிதம் வரும், அவனும் வருவான். நாளை எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் அந்த மாசி மாதத்துக்குப் பிறகு எந்தக் காதல் கதையை எடுத்தாலும் மைனியின் கேள்விதான் முதலில் வருகிறது: இவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள்? துபாய் அறையில் சோறு தின்னாமல் கிடந்தவரையும், வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பனங்காட்டுப் பெண்ணையும் புத்தகங்களில் தேடிக்கொண்டே இருக்கிறேன். கிடைத்தால் கொண்டுபோய் முற்றத்தில் வாசிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நான்தான் எழுத வேண்டும் போல.

கதை வாசித்த அன்று சாயங்காலம் கடையில் கணக்குப்பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு, நாலு பேருக்கும் ஒரே நாளில் எப்படிக் குறையும் என்று சத்தம் போட்டார். கூலியைப் பிடித்துக்கொண்டார். ஏன் குறைந்தது என்று அவர்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தாளில் இருந்ததை நான் மாற்றாமல் வாசிக்க, அவர்கள் கையை நிறுத்திக் கேட்டதற்கு ஆன மொத்தச் செலவு, நாலு தட்டிலும் சேர்த்து, எண்ணூற்று ஐம்பது பீடி.