ஹேமாவதியின் பதினேழாம் எண் புழு

பம்மலில் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் கடல் தெரியாது. ஆனால் அந்தக் கடலின் அடிவயிற்றை ஹேமாவதி அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு. தாம்பரம் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். கோவளத்துக்கு அப்பால் கடலடியில் அள்ளிய சேற்றைச் சல்லடையில் அலசி, மிஞ்சும் புழுக்களை இடுக்கியால் பொறுக்கி ஸ்பிரிட் குப்பியில் போடுவாள்.

“அரிசில புழு வந்தா ஊரே தூக்கிப் போடும். என் மருமவ புழுவுக்கோசரம் பஸ்ஸு ஏறிப் போறா” என்பாள் மாமியார் அங்காளம்மாள்.

போன மாதம் அரிசி நீளத்தில் ஒரு புழு கிடைத்தது. விலா நெடுக விசிறி விசிறியாகப் பொன்னிற முட்கள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. குப்பிக்குப் பதினேழு என்று எண் போட்டாள். இயக்குநர் ஸ்ரீநிவாசராகவன் நுண்ணோக்கியில் அரைமணி நேரம் பார்த்தார்.

“இனமே புதுசா இருக்கலாம் ஹேமா. அப்படி இருந்தா உன் பேரையே வெச்சிடலாம்.”

அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஹேமாவதி பம்மல் வரை நின்றுகொண்டே வந்தாள்.

பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பத்து நாள் பயிற்சி வந்தது. வெளியூர்களிலிருந்து பன்னிரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள். உடலைப் பார்த்து இனம் சொல்ல ஐந்து நாள், டிஎன்ஏ எடுத்துச் சொல்ல ஐந்து நாள். அவர்களில் ஹரிபிரசாத்துக்கு முதல் ஐந்து நாளும் கொட்டாவிதான்.

“முள்ள எண்ணிப் பேர் சொல்ற காலம்லாம் போச்சுக்கா. டிஎன்ஏ ஒண்ணு போதும்.”

ஏழாம் நாள் அவனிடம்தான் பதினேழாம் குப்பி போனது. வால் நுனியில் துளி நறுக்கி எடுத்துக்கொண்டு, மீதி உடலைப் பத்திரமாகத் திருப்பி வைக்க வேண்டும். சல்லடை கழுவப் போன ஹேமாவதி திரும்பி வந்தபோது குப்பியில் வெறும் ஸ்பிரிட் இருந்தது.

“தம்பி, மீதி புழு எங்க?”

“மீதியா? முழுசா போட்டுட்டேங்கா. நிறைய போட்டாதானே டிஎன்ஏ நிறைய வரும்?”

“அரைச்சிட்டியா?”

“நைஸா அரைச்சிட்டேன்” என்றான் பெருமையாக.

கையுறை போட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது என்பது ஆய்வுக்கூட விதி. ஆகவே ஹேமாவதியின் கண்ணீர் விதிப்படி, துடைப்பாரின்றி வழிந்தது.

கடைசி நாள் முடிவு வந்தது. அத்தனை பேர் எடுத்ததிலும் தெளிவான டிஎன்ஏ அதுதான். உலகத்தில் இதுவரை பதிந்து வைத்த எதனோடும் அது ஒத்துப்போகவில்லை.

“அக்கா, புதுசுதான்! உங்க பேர வெச்சிடலாம்!” என்று குதித்தான் ஹரிபிரசாத்.

“எதுக்குய்யா பேர் வெக்கிறது, காலி குப்பிக்கா?” என்றார் ஸ்ரீநிவாசராகவன். “நெஜமாவே புது இனமா, இல்ல பழசையே யாரும் டிஎன்ஏ எடுக்காம விட்டாங்களா? பாத்துச் சொல்ல ஒரு முள்ளு மிச்சம் வெச்சியா நீ?”

சான்றிதழ் விழாவில் மிகத் தெளிவான டிஎன்ஏ எடுத்ததற்காக ஹரிபிரசாத்துக்குத் தனிக் கைதட்டல் கிடைத்தது. ஹேமாவதியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

திங்கட்கிழமை, அந்தப் புழு கிடைத்த அதே இடத்துச் சேறு நான்கு வாளி வந்து இறங்கியது. ஊருக்குத் திரும்பாத ஹரிபிரசாத், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சல்லடை முன் குந்தியிருந்தான்.

“அக்கா, முள்ளு தெரியுது! இதுவா?”

ஹேமாவதி எட்டிப் பார்த்தாள்.

“அது வலை நூலு. அடுத்தத பாரு.”