அம்மா சிரித்த நாள்

பிடுங்கிய மல்லாட்டைச் செடியின் வேரில் ஒட்டியிருக்கும் ஈரமண் வாசனையோடுதான் அந்த அதிர்ச்சி எனக்குள் பதிந்திருக்கிறது. கிளியனூர் பக்கம் லாரி மோதி அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; அம்மாவும் அத்தையும் கூலிக்கு மல்லாட்டை என்ற நிலக்கடலை பிடுங்கிய நிலத்துக்கு, எங்கள் பேச்சில் "கொல்லை"க்கு, பத்து வயதில் நானும் போயிருந்தேன். எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி, பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுக்கத் தெரியாமல், செடிக் குவியல்களையெல்லாம் இடித்துத் தள்ளியபடி ஓடிவர, அம்மா சத்தமாகச் சிரித்தாள்.

என் கையிலிருந்த செடி நழுவி விழுந்தது.

"புருசன் போயி ஒரு மாசம் ஆவல, பல்லக் காட்டிக்கினு நிக்கிறா பாரு," என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. எனக்கும் அதேதான் தோன்றியது. அன்றிலிருந்து அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவளோ விடாமல் தினமும் எதையாவது காட்டினாள். "அந்த நாய்க்குட்டி எப்படித் தூங்குது பாரேன். செத்த நின்னு பாத்துட்டுப் போடி." நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, தெருவில் நின்ற பைக்கின் கண்ணாடியில் தன்னையே பார்த்துவிட்டு ஒரு சேவல் சண்டைக்குப் பாய, நான் சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பாவை நானே இன்னொரு முறை சாகவிட்டதுபோல் இருந்தது. ஓடிவந்த அம்மா என் கையை விலக்கினாள்.

"பொத்தாத, சிரி. அழுகை தானா வருதுடி. சிரிப்பத்தான் பழக்கணும். நானும் பழகிக்கினுதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு பேசினேன். ஆனால் கொல்லையில் கேட்ட அந்தச் சிரிப்பை மட்டும் உள்ளூர மன்னிக்கவே இல்லை.

இப்போது நான் விழுப்புரத்தில் செவிலியர். போன வாரப் பயிற்சி வகுப்பில், அன்றாடம் நடக்கும் சின்ன நல்லதைச் சில நொடி நின்று கவனித்தால் மூளையே மெல்ல அதற்குப் பழகிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னபோது, "செத்த நின்னு பாத்துட்டுப் போடி" என்ற அம்மாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. திண்டிவனத்தில் இருக்கும் அம்மாவுக்கு உடனே போன் செய்து, அன்று கொல்லையில் கன்றுக்குட்டியைப் பார்த்து அவள் சிரித்ததைப் பற்றி முதல்முறையாகக் கேட்டேன்.

"கன்னுக்குட்டியப் பாத்து எனக்கு எங்க சிரிப்பு வந்துச்சு?" என்றாள் அவள். "நீ பேயறைஞ்சாப்புல நின்னுக்கினு இருந்த. நீயாச்சும் சிரிப்பியான்னு சும்மா சிரிச்சேன். சேவலப் பாத்து நீ சிரிச்ச பாரு, அன்னிக்குத்தான் எனக்கு நெசமா வந்துச்சு."

கொல்லை வீட்டுமனைகளாகிவிட்டது, அத்தையும் இல்லை. இத்தனை வருடம் நான் மன்னிக்காமல் வைத்திருந்த அந்தச் சிரிப்பும் இல்லவே இல்லை என்று ஆனபோது, "இன்னிக்கு எதப் பாத்து சிரிச்ச, சொல்லும்மா," என்று கேட்டேன்.