செல்வம் பேசிய டெலிபோன்

“பின்னணி வெளிறிய ஒரே நிறமாக இருக்க வேண்டும். தலையில் எதுவும் இருக்கக் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும்.”

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், நாணயம் போட்டுப் படமெடுக்கும் பெட்டியொன்றில் போன வாரம் இதை வாசித்தேன். விதிகள் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. எண்பதுகளில் இந்தத் தெருக்காரர் பாதிப் பேருக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தவன் நான். தும்முவதற்கு எந்த அலுவலகத்தில் அனுமதி எடுப்பது என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அதனால்தான் செல்வத்தின் கல்யாணம் இரண்டு தடவை குழம்பியது. உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன், ஊரில் பெண் வீட்டாருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றான். வதிவிட அட்டைக்கு எடுத்ததையே அனுப்பச் சொன்னேன். விதிப்படி எடுத்த படமல்லவா? இரண்டு வீட்டாரும் மறுத்துவிட்டார்கள். ஒருவர், மாப்பிள்ளைக்கு எப்போது விடுதலை என்று விசாரித்திருந்தார்.

மூன்றாவது சம்பந்தம் மானிப்பாயில்.

“அண்ணை, இதுவும் குழம்பினால் நான் சாமியாராப் போறன்.”

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பக்கத்துத் தெருவில் பாத்ரிஸின் ஸ்டூடியோவுக்குப் போனோம். பாத்ரிஸ் தோகோ என்ற ஆப்பிரிக்க நாட்டுக்காரன். லோமே நகரில் அவன் தகப்பனாரும் படம் பிடித்தவர். அங்கே மீன் விற்பவரும் ஸ்டூடியோவின் கோட்டு ஒன்றை மாட்டி, ஸ்டூடியோ ரேடியோவைத் தூக்கி, திரையில் வரைந்த விமானத்துக்கு முன்னால் நிற்பாராம். பாத்ரிஸின் சுவரெங்கும் அவனே நின்றான்: அரசனாக, மாலுமியாக, ஒரு படத்தில் சிறுத்தைத் தோல் போர்த்திய பல் வைத்தியனாக.

நான் வெள்ளைத் திரை கேட்டேன். அவன் பிரெஞ்சில் சொன்னது இவ்வளவுதான்: “வெறும் முகத்தைப் பொலிஸ்தான் கேட்கும். எங்கள் ஊரில் ஆள் படமெடுக்க வருவது, தான் யாராக ஆசைப்படுகிறான் என்று காட்டத்தான். இவன் யார்?”

செல்வம் நெளிந்தான். “பெரிய முதலாளி எண்டு சொல்லுங்கோ.”

“பொய்யடா.”

“முதலாளிமார் மட்டும் உண்மையோ கதைக்கினம்?”

சற்று நேரத்தில் அவனுக்குப் பின்னால் வரைந்த கடலும் கப்பலும் எழுந்தன. தோளில் பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணி, தலையில் தொப்பி, கையில் வயரே இல்லாத சிவப்பு டெலிபோன்.

“ஆரோடை கதைக்கிற மாதிரி நிக்கிறது?”

நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். “அவளோடுதான்,” என்றான் பாத்ரிஸ். செல்வம் பல் முழுவதும் தெரியச் சிரித்தான். ஒரு விதிகூட மிஞ்சவில்லை. இதற்குப் பதில் வராது என்று உத்தியோகபூர்வமாக அறிவித்தேன்.

மாதங்கள் போயின. ஊரில் சண்டை, தபால் நினைத்தபோது வந்தது. வேலைக்குப் போகுமுன் செல்வம் தபால்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவான், மூலையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.

பாத்ரிஸ் பிற்காலத்தில் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் போய்விட்டான். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. எல்லாம் உண்மையாகவே பேசுகிற போன்கள், ஆனால் அவற்றோடு ஒருவரும் அவ்வளவு கம்பீரமாக நிற்பதில்லை.

செல்வம் துழாவிய அந்தத் தபால்பெட்டிக்கு, மானிப்பாயில் இருந்து கடைசியில் ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை, படம் மட்டும். ஸ்டூடியோ நாற்காலியில் பெண், தலை நிறையப் பூ, வாய் நிறையச் சிரிப்பு, காதில் டெலிபோன்.

அன்று பொங்கலுக்கு மறுநாள்; தை பிறந்துவிட்டது.