வாய் திறக்காத ஆக்காட்டி

பாடப்புத்தகத்தில் அதற்கு ஆட்காட்டிக் குருவி என்று பெயர். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆக்காட்டி. வயலில் மனித வாடை பட்டால் போதும், கத்தி ஊரைக் கூட்டிவிடும். வீட்டு ரகசியத்தை வெளியே கொட்டுகிற ஆளுக்கும் இதே பெயர்தான். எங்கள் வீட்டில் அது நான்.

பறவைப் பெயருக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. புத்தகத்துக் கரிச்சான் எங்களுக்கு ரெட்டைவாலு. சேட்டைக்காரத் தம்பியும் ரெட்டைவாலு. அவனைச் செல்லமாகக் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டால் மட்டும் பேச்சை நிறுத்தினார்கள். எட்டு வயதுக்கு அது தாங்க முடியாத அவமானம்.

அப்போது அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, பாகூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா எதிரில் அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் சாயங்காலம் அக்காவை விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் புல்லறுக்கப் போனாள். அங்கே பைக்கோடு ஒருவர் காத்திருந்தார். திருபுவனையில் கம்பெனி வேலை.

"இன்னா, மடையானாட்டம் நிக்கிற?" என்று அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். மடையான் என்பது தண்ணீரோரம் அசையாமல் நிற்கும் கொக்கு. எங்கள் பேச்சில் அப்பாவி. அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று என் காது கேட்கவே சொன்னாள். தலைக்கு மேல் ஆக்காட்டிகள் கத்தித் தீர்த்தன.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டன் அத்த" என்று வரும் வழியில் சத்தியம் செய்தேன். அத்தை புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

வாயைக் கட்டுவது லேசா? அம்மா தலை வாரும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். அத்தை திரும்பத் திரும்ப என்னையே அழைத்துப் போனாள்.

"வூட்ல உன்ன யாரும் ஒண்ணும் கேக்கலியாடி?"

"கேட்டாங்க அத்த. புல்லறுக்கப் போனோம்னு சொல்லிட்டன்."

அத்தையின் முகம் தொங்கிப்போகும். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கி வாயை மூடிக்கொண்டேன்.

பரிசம் போட்டார்கள். கல்யாணமும் ஆயிற்று. பாகூருக்குப் புறப்பட்டபோது அத்தை காரில் ஏறாமல் நின்று, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னப் போயி ஆக்காட்டின்னாங்களேடி" என்று சொல்லி அழுதாள்.

பட்டம் இறங்கிவிட்ட பூரிப்பு எனக்கு. இனிமேல் யாரும் என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது, அத்தையே சொல்லிவிட்டாள் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத அக்கா வீட்டில் இருக்க, ஊரறிந்த ஓட்டைவாயை அத்தை எதற்குக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள் என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.